சாப்ட்டீங்களா என்று கேட்டவர்

அவர் வாசலில் வந்து நின்று "சாப்ட்டீங்களா?" என்று கேட்டால், எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அந்த இடத்திலேயே கை கால் வெலவெலத்துப் போகும்.

அதே கேள்வியை வேறு யார் கேட்டாலும் உபசாரம். அவர் கேட்டால் சாவு.

எங்கள் ஊரில் யாராவது இறந்துபோனால், வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு நடந்துபோய்ச் சேதி சொல்லிவிட்டு வருவது அவர் வேலை. மனுப் போட்டு வாங்கிய வேலை இல்லை. அவருடைய அப்பா நடந்தார், அப்பாவின் அப்பா நடந்தார், அதனால் இவரும் நடந்தார். ஊர்த் தெருவில் சாவு விழுந்தால் காலனியிலிருந்து ஒருத்தன் அதைச் சுமந்துகொண்டு போக வேண்டும் என்பது எங்கும் எழுதிவைக்காத சட்டம். எழுதாத சட்டத்துக்குத்தான் எங்கள் பக்கத்தில் பலம் அதிகம். அதைக் கிழித்துப் போட முடியாது பாருங்கள்.

போன இடத்தில் அவர் உடனே சேதியைச் சொல்ல மாட்டார். தள்ளி நின்று, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சாப்ட்டீங்களா?" என்பார். சாப்பிட்டோம் என்றால் சொல்லிவிடுவார். இன்னும் இல்லை என்றால், "சாப்ட்டு வாங்க, நான் குந்திகினு கீறேன்" என்று எதிரில் மர நிழல் தேடிப் போய்விடுவார். நெருங்கிய சாவு காதில் விழுந்துவிட்டால் பிணத்தை எடுக்கிற வரைக்கும் யாரும் வாயில் பருக்கை வைக்க மாட்டார்கள். அடுப்பில் வெந்து இறக்கிய சோறாக இருந்தாலும் கொட்டிவிடுவார்கள். அப்புறம் பஸ்ஸைப் பிடித்து, பஸ் இல்லாத இடத்தில் நடந்து, ஊர் எல்லையிலிருந்து மாரடித்துக்கொண்டு வர வேண்டும். "காலி வயித்துல அழுதா மயக்கந்தாண்டா வரும், அழுகை வராது. சோறு உள்ள போனாதான் மனுசன் ஒழுங்கா அழுவான்" என்பார்.

இதுதான் அவர். இதற்கு மேல் அவரைப் பற்றி எது சொன்னாலும் இதையே சுற்றிச் சுற்றித்தான் வரும்.

எனக்கு அவர் மாமா. என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒல்லியான ஆள், கால் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் தடியாக, நரம்பு முறுக்கிக்கொண்டு இருக்கும். "மேல பாதி நான், கீழ பாதி ஊர்க்காரங்களுது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் ஊர் ஆற்றங்கரையில் இருக்கிறது. சென்னைக்குள் போய்ப் பாலமும் பங்களாவுமாகப் பெரிய பெயர் எடுக்கிற அடையாறுதான். எங்களிடம் அது ஓர் அகலமான ஓடை. தானும் ஒரு ஆறு என்ற நினைப்பு அதற்கு மழைக்காலத்தில் மட்டும்தான் வரும். அந்தக் காலத்தில் பஸ் ஊருக்குள் வராது. வெளியே போவதற்கு மூன்று வழி. காலனியை விட்டு இறங்கி, பெரிய வீட்டு வயல் வரப்பில் ஏறி நேராக நடந்தால் சேரப்பணஞ்சேரி ரோடு. அதுதான் கிட்டத்து வழி, எல்லோரும் போகிற வழி. இரண்டாவது ஆற்று வழி. நாணலுக்குள் புகுந்து வளைந்து வளைந்து படப்பைப் பக்கம் போய்ச் சேரும். மழை பெய்தால் முழங்கால் வரைக்கும் சேறு. மூன்றாவது ஏரிக்கரை ஏறி, முள்ளுக்காட்டைத் தாண்டி, ஒரகடம் ரோட்டில் வெளிப்பட்டு, அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகிற வழி. மாமாவுக்கு மூன்றும் தலைகீழ்ப் பாடம். ஆனால் எந்த வழியையும் அவர் கிட்ட, தூரம் என்று சொல்லிக் கேட்டதில்லை. "இது சோறு வேகற தூரம். அது சோறு ஆறிப்போற தூரம்" என்பார்.

அவருடைய கேள்வியால் நடந்த கூத்துகளுக்குக் கணக்கில்லை. காலனியில் ஒரு கல்யாணம். பந்தியில் எல்லோரையும் கவனிக்கிற ஆசையில் மாமா, தண்டலத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணிடம் போய் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டார். அவள் பிறந்தது எங்கள் ஊர். "ஐயோ, எங்கப்பாவுக்கு இன்னா ஆச்சி!" என்று ஒரு கூச்சல். மேளக்காரர் மேளத்தை நிறுத்திவிட்டார். அவளுடைய அப்பா அடுத்த வரிசையில் அப்பளம் கடித்துக்கொண்டிருந்தார். "நான் இன்னும் பாயசமே துன்னலயேடி" என்றார் அந்த மனுஷன்.

அன்றைக்கு அம்மா மாமாவின் முதுகில் ஒன்று வைத்தாள். "டேய், நல்ல நாள்ல வாயத் தொறக்காதடா." அப்புறம் அவளே சிரித்துவிட்டு, என்னைக் காட்டிச் சொன்னாள்: "என்னிக்கி நான் போனாலும் இவனுக்குச் சொல்லப் போறது நீதான். போனதும் மொதல்ல துன்னானான்னு கேளு. இவன் பசி தாங்கமாட்டான்."

"நீ எங்கக்கா போவப் போற? நான் போயி, நீ வந்து எனக்கு ஒப்பாரி வைக்கணும்" என்றார் மாமா.

நான் அப்போது சேரப்பணஞ்சேரி பஸ் நிறுத்தத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். வரப்பு வழியாக ரோட்டுக்கு ஏறினால் எதிரிலேயே என் கடை. சாவு சுமந்து போகும்போதெல்லாம் மாமா ஒரு நிமிஷம் நின்று தண்ணீர் குடிப்பார்.

"இன்னா மாமா, ஒரு வண்டி எடுத்துக்கினு போயேன். உனக்கு வாடகை வேணாம்."

"போடா. சைக்கிள்ல போனா நான் மட்டுமா சீக்கிரம் போவேன்? சாவும் பின்னாடியே குந்திகினு வந்துடும். அவங்க இன்னும் கொஞ்ச நேரம் சிரிச்சிக்கினு இருக்கட்டும், உனக்கு இன்னா நஷ்டம்?"

"அதுக்குள்ள இங்க பொணத்த எடுத்துட்டா?"

"எடுக்கிற நேரம் கேக்காம நான் கிளம்பினது கீதா? கேட்டுக்கினுதான் காலத் தூக்குவேன். நான் சேதி சொல்லி இதுவரைக்கும் ஒருத்தர்கூட முகம் பாக்காம போனதில்ல மாப்ள."

அது உண்மை. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் மேல் பாதியும் கொஞ்சம் நிமிரும்.

அந்த வருஷம் தொண்ணூற்று ஒன்று. மே மாதம் நடந்ததில் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் உலகம் முழுக்கத் தெரிந்துபோனது. அதற்கப்புறம் கொஞ்ச காலம் எங்கள் பக்கத்தில் கால்நடையாகப் போகிற யாரைப் பார்த்தாலும் போலீஸ்காரர்களுக்குச் சந்தேகம். மாமாவை ரோட்டு ஓரத்தில் ஒரு இளவட்டப் போலீஸ்காரர் நிறுத்தியிருக்கிறார். தெற்கத்திப் பிள்ளை.

"எங்கவே போறீரு?"

"சாவு சொல்லப் போறேங்க."

"யாரு சாவு?"

"அத அவங்களுக்குத்தாங்க மொதல்ல சொல்லணும்."

போலீஸ்காரருக்கு வேர்த்துவிட்டது. மாமாவை உட்காரவைத்து, உள்ளூர் ஏட்டையாவைக் கூட்டி வந்தார். ஏட்டையாவுக்கு மாமாவைத் தெரியும், சொந்த ஊர் பக்கத்தில்தான். மாமா பழக்க தோஷத்தில் எழுந்து நின்று, "சாப்ட்டீங்களா ஐயா?" என்றார். ஏட்டையா அப்படியே மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். "யாருய்யா? எங்கம்மாவா?"

இதை மாமா சொல்லி நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவ்வளவு சிரித்த வருஷமும் அதுதான்.

புரட்டாசியில் பெரிய வீட்டு அம்மாள் செத்துப்போனாள்.

பெரிய வீடு என்றால் வரப்பு வழியும் அதற்கு இரண்டு பக்கத்து வயலும் யாருடையதோ அவர்கள். அந்த அம்மாளுடைய ஒரே மகள் சிங்கப்பெருமாள் கோவிலில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பொழுது விடிந்ததும் மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மழை வரும் போல இருக்கிறது, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவோம், அதற்குள் அவள் வந்து வாய்க்கரிசி போட வேண்டும் என்று பெரிய மகன் சொல்லிவிட்டார். மாமா நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஏரிக்கரை ஏறினார்.

அன்றைக்கு நான் கடைக்கு டியூபும் பால்ரஸ் குண்டும் வாங்க சிங்கப்பெருமாள் கோவிலுக்குச் சைக்கிளில் போயிருந்தேன். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு வீட்டுக்கு எதிரில், புங்க மர நிழலில் மாமா. துண்டு கக்கத்தில். பார்த்ததும் புரிந்துவிட்டது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யாரு மாமா?"

"பெரிய வூட்டு ஆத்தா" என்றார் உதடு அசையாமல். "கேட்டுட்டேன். இன்னும் துன்னலன்னாங்க. உள்ள போயிருக்காங்க."

"கேட்டப்போ மூஞ்சி எப்படி இருந்துச்சி?"

மாமா துண்டைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டார்.

அந்த மகள் எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவள். மாமா கேட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? கொஞ்ச நேரத்தில் கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். வீட்டு கேட்டைத் திறக்கவில்லை, அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கொழம்பு இன்னும் கொதிக்கல" என்றாள்.

"கொதிக்கட்டும்மா."

"இவ்ளோ தூரம் இன்னாப்பா?"

"சும்மாதாம்மா வந்தேன். நீங்க சாப்ட்டு வாங்க."

உள்ளே போனாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம் துணி துவைக்கிற சத்தம். மறுபடி வந்தாள்.

"புள்ளைங்க இஸ்கூல்லேர்ந்து சாப்பாட்டுக்கு வரணும். அவங்களுக்குப் போட்டுட்டுத்தான் நான் துன்றது."

"சரிம்மா."

போகாமல் நின்றாள். "அம்மா வடகம் குடுத்தனுப்புறேன்னு சொல்லிச்சி. போட்டுடுச்சா?"

"போட்டாங்கம்மா. கூரை மேல காய வச்சிருந்தாங்க. காக்கா ஓட்டலன்னு என்னக்கூட ஒரு பாட்டு விட்டாங்க."

"அம்மாவுக்குக் கோவம் வந்தா கொரலு ஆத்துக்கு அந்தாண்ட கேக்கும்."

"கேக்கும்மா."

இரண்டு பேரும் அந்த அம்மாளை உயிரோடு வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். ஒரு வார்த்தை தவறவில்லை. நான் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சாப்பிடாத வரைக்கும் இவர் சொல்ல மாட்டார். இவர் சொல்லாத வரைக்கும் அம்மா சாகவில்லை. அதை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

பிள்ளைகள் வந்தார்கள், சாப்பிட்டுப் போனார்கள். ஒரகடம் வழியாகப் போகிற மத்தியான பஸ் எங்கள் எதிரிலேயே போனது. மாமா எழுந்துவிட்டார். முதல் தடவையாக அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். கேட்டண்டை போய், "அம்மா, ஒரு வாய் துன்னுட்டு வந்துடுங்கம்மா. காலம் போவுது" என்று கெஞ்சினார்.

அப்போதுதான் வெளியே வந்தாள். வலது கையைக் கழுவவில்லை. விரலில் சோறு ஒட்டியிருந்தது. "துன்னுட்டேன்" என்றாள். "சொல்லு."

சொன்னார். அவள் அப்படியே தரையில் சரிந்தாள்.

இனி அடுத்த பஸ் பொழுது சாய்ந்துதான். நடந்தாலும் அதே நேரம் ஆகும். ஏரிக்கரை வழியாகச் சைக்கிளை மிதித்தால் மட்டும் போய்ச் சேர்ந்துவிடலாம். என் சைக்கிள் மரத்தில் சாய்ந்திருந்தது. கேரியர் காலி. மாமா அதைப் பார்த்தார். அந்த மகளும் பார்த்தாள், அழுகைக்கு நடுவில், நன்றாகவே பார்த்தாள். நானும் பார்த்தேன். காலனிக்காரன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பெரிய வீட்டுப் பெண் ஊருக்குள் வந்து இறங்குவதா? மூன்று பேரும் பார்த்துவிட்டு மூன்று பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அவள் பஸ்ஸில் வந்து இறங்கி ஓடி வந்தபோது ஆற்றங்கரையில் எரிந்துகொண்டிருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் பெரிய வீட்டுக் களத்தில் கூட்டம். மாமாவை நடுவில் நிறுத்தினார்கள். காலனிக்காரர்கள் நாங்கள் கொஞ்சம் பேர் வரப்பு ஓரமாக நின்றோம். பெரிய மகன்தான் கேட்டார்.

"எப்ப போய்ச் சேந்த?"

"வெயில் ஏற்றதுக்கு முன்னயேங்க."

"எப்ப சொன்ன?"

மாமா துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார்.

"கேக்கறன் இல்ல? அங்க இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"அவங்க சாப்ட்டு முடிக்கட்டும்னு குந்திகினு இருந்தேங்க."

"எங்கம்மா பொணத்த நடு வூட்டுல போட்டுட்டு நாங்க வழியப் பாத்துக்கினு கீறோம். நீ சோத்துக்குக் காவல் இருந்தியா?"

யாரோ சிரித்தார்கள். வீட்டுக்குள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு மகள் நின்றிருந்தாள். தலை விரித்துப் போட்டபடி. "தெரிஞ்சுதான் இருந்துச்சி, நான்தான் தள்ளிப் போட்டேன்" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் இரண்டு அடி முன்னால் போனேன்.

"ஐயா, நானும் அங்கதான் இருந்தேன். அந்தம்மாவுக்கு அவரு கேட்டப்பவே..."

"யார்றா இவன்? சைக்கிள் கடை வச்சவுடனே வாயும் சேத்து வச்சிட்டாங்களா உனக்கு?" என்றார் பெரிய மகன். அப்புறம் தங்கையின் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்தார்.

"எனக்கு இன்னாண்ணா தெரியும்?" என்றாள். "சும்மாதான் வந்தேன்னான்."

அதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். அவர் சொன்ன வார்த்தைதான்.

காலில் விழச் சொன்னார்கள். விழுந்தார். இனிமேல் நடந்து போகக் கூடாது, சைக்கிளில் போக வேண்டும், போனதும் சொல்ல வேண்டும், வேறு பேச்சு ஒரு வார்த்தை இருக்கக் கூடாது என்றார்கள். அதோடு நிறுத்தவில்லை. "நாளையிலேர்ந்து காலனி ஜனம் எங்க வரப்புல கால் வைக்கக் கூடாது. இவன் ஒழுங்கா நடந்துக்கினா தை மாசம் பாக்கலாம்" என்று முடித்தார் பெரிய மகன். மறுநாள் வரப்பு ஆரம்பிக்கிற இடத்தில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு மூங்கில் வைத்துக் கட்டிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது நான் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். "அவங்களுக்குத் தெரியும்னு ஏன் மாமா நீ சொல்லல?"

"பெத்தவ மூஞ்சிய நானேதான் பாக்காம வுட்டேன்னு ஒரு பொம்பள ஊரு முன்னால சொல்லுவாளாடா?"

"அதுக்கு நீ கெடைச்சியா?"

"கையெட்டுற தூரத்துல நான்தானே நின்னேன்" என்று சொல்லிவிட்டுக் காறித் துப்பினார். அவர் துப்பி நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் காலனிக்குள்ளேயே அவருக்கு இடமில்லாமல் போனது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள், படப்பை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ரோட்டு வேலைக்குப் போகிற பெண்கள், எல்லோரும் ஆற்று வழியில் நாணலை விலக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். இறங்கும்போதெல்லாம் அவரைத் திட்டினார்கள். "ஊருக்கெல்லாம் சோறு துன்ன வச்சாரு, நம்ம வழில மண்ண அள்ளிப் போட்டாரு" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். இளவட்டங்கள் வேறு மாதிரி. "இனிமே அவனுங்க சாவுக்கு நீ ஏன் போற? முடியாதுன்னு சொல்லிட்டு வூட்ல குந்து. பாத்துக்கலாம்" என்றார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி. இன்றைக்கும் அதைத்தான் சரி என்பேன். ஆனால் மாமாவின் கண்ணுக்கு அந்த முள்ளும் தை மாதமும்தான் தெரிந்தது. வழியை அடைத்தது தான்தான், திறக்க வேண்டியதும் தான்தான் என்று மனதில் போட்டுக்கொண்டார்.

திட்டாத ஆள் என் அம்மா ஒருத்திதான். அவரைக் கூப்பிட்டுச் சோறு போட்டாள். "நீ செஞ்சதுல இன்னாடா தப்பு? துன்னுட்டு அழுன்னு சொன்னது ஒரு குத்தமா?" என்றாள். அவர் தட்டை விட்டுத் தலையை எடுக்கவில்லை.

என் கடைக்கு வந்து சைக்கிள் கற்றுக்கொண்டார். அந்த வயதில், அந்தக் காலோடு. நடக்கத் தெரிந்த கால் மிதிக்க மறுத்தது. வேலிக்குள் விழுந்தார், மாட்டு வண்டியில் போய் முட்டினார். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். பழைய மாமாவாக இருந்தால் அவரும் சேர்ந்து சிரித்திருப்பார். இவர் முழங்காலில் வழிந்த ரத்தத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினார். ஒரு வழியாக ஓட்ட வந்துவிட்டது. அடுத்து வந்த சாவுகளுக்குச் சைக்கிளில் போனார். வாசலில் இறங்கியதும் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தார். ஒரு வீட்டில் இலை போட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோதே சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பெரிய மகன், "பாத்தீங்களா, எப்படித் திருந்திட்டான்" என்று ஊரில் சொல்லிக்கொண்டாராம்.

தை மாதம் முள்ளை எடுக்கவில்லை. அதற்கடுத்த தையிலும் எடுக்கவில்லை. சில வருஷம் கழித்து அந்த வயலையே விற்றுவிட்டார்கள். இன்றைக்கு அந்த வரப்பு ஏதோ ஒரு கம்பெனியின் மதிலுக்குள் எங்கேயோ கிடக்கிறது. எங்கள் பிள்ளைகள் ஷிப்டுக்கு அடையாள அட்டையைக் காட்டிவிட்டு அதன்மேல்தான் நடக்கிறார்கள். மாமா இறந்தபோது எல்லோருக்கும் போனில் சொன்னார்கள். நல்லதுதான். யாரும் யாருடைய சாவையும் காலில் கட்டிக்கொண்டு நடக்க வேண்டாம்.

தை, அடுத்த தை என்று நான் கதையை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். அந்த முதல் தைக்கு முன்னால் ஓர் ஐப்பசி இருக்கிறது.

அந்த ஐப்பசியில் அடைமழை. ஒரு நாள் காலையில் மழை விட்டு வெளுத்திருந்தது. அம்மா எனக்குத் தூக்கில் சோறு கட்டிக் கொடுத்தாள். கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. "ஆறிப்போறதுக்குள்ள துன்னுடா" என்றாள். தினமும் சொல்வதுதான். நான் தலையாட்டினேனா என்றுகூட நினைவில்லை. ஆற்று வழியில் இறங்கி, கால் கழுவி, கடைக்கு வந்து சேர்ந்தேன்.

வெயில் ஏறுகிற நேரம். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். வழக்கத்தைவிட முன்னாலேயே பசி எடுத்தது. கையைக் கழுவிக்கொண்டு தூக்கின் மூடியைத் திறந்தேன். கருவாட்டு வாசனை கடை முழுக்க வந்தது.

ரோட்டில் ஒரு சைக்கிள் ஆடி ஆடி வந்தது. என் சைக்கிள்தான், மாமாவிடம் கொடுத்து வைத்திருந்தது. இடுப்புவரைக்கும் சேறு. ஸ்டாண்டு போடவில்லை, என் கடைச் சுவரில் சாய்த்தார். அது சறுக்கி விழுந்தது. எடுக்கவில்லை. வந்து எதிரில் நின்றார். துண்டு கக்கத்தில் இருந்தது.

நான் அவர் வாயையே பார்த்தேன். அந்தக் கேள்வி வரும் என்று பார்த்தேன். வந்தால் சொல்வதற்கு எனக்குப் பதில் தயாராக இருந்தது. இல்லை மாமா, குழம்பு இன்னும் கொதிக்கவில்லை மாமா, அம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் தெரியுமா மாமா. பெரிய வீட்டு மகள் சொல்லிக்கொடுத்த பாடம் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. சாயங்காலம் வரைக்கும் பேசியிருப்பேன்.

அவர் கேட்கவில்லை.

"மாப்ள, அக்கா பூடுச்சிடா."

நான் கிளம்பி வந்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தாளாம். கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கியிருக்கிறார்கள். முள் கட்டிய இடத்தில் நின்று பெரிய வீட்டைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள். யாரும் வரவில்லை. பிரித்துவிட்டே போகலாம் என்று பையன்கள் மூங்கிலில் கை வைத்தபோது, தை வரைக்கும் பொறுங்கடா என்று தடுத்தது மாமாதானாம். அவரே கட்டிலின் ஒரு காலைத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்று வழியில் இறங்கியிருக்கிறார். நாணலுக்கு நடுவில், பாதிச் சேற்றில், தோளில் இருக்கும்போதே போய்விட்டாள். இதெல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே, ஒரே மூச்சில், யாருக்கோ ஒப்பிக்கிற மாதிரி சொல்லி முடித்தார். போனதும் சொல்ல வேண்டும், வேறு பேச்சு இருக்கக் கூடாது.

சொல்லி முடித்த பிறகுதான் அவர் கண் கீழே வந்தது. என் மடியில் திறந்திருந்த தூக்கைப் பார்த்தார். அது எங்கள் வீட்டுத் தூக்கு. எத்தனையோ தடவை அதிலிருந்து அவருக்கும் அம்மா சோறு போட்டிருக்கிறாள். தொடாத சோறு, மேலே குழம்பு.

மாமா கக்கத்திலிருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள்ளிருந்து அந்தக் கேள்வி, எப்போதும் முன்னால் வருகிற அந்தக் கேள்வி, அன்றைக்குப் பின்னால் வந்தது.

"சாப்ட்டியாடா?"

"இல்ல மாமா" என்றேன்.

மூடியைப் போட்டு அழுத்தினேன். தூக்கின் அடி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.